வால்வு திறக்கும் வேளை: மாறும் நேர அமைப்பும் அதன் பாகங்களை மாற்றும் முறையும்

காலை வேளையில் ஸ்கூடாயிலிருந்து ஜோகூர் பாருவை நோக்கிப் புறப்படும் கார் நெரிசலில் நின்றும் ஊர்ந்தும் செல்கின்றது. அதே கார் விடுமுறை நாளில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றது. கார் ஒன்றே, எஞ்சினும் ஒன்றே. ஆயினும் அது மூச்சு வாங்கும் முறை இரண்டிடத்தும் ஒன்றாக இருத்தல் இயலாது. இவ்வேறுபாட்டைக் கையாளும் கருவியே மாறும் வால்வு நேர அமைப்பு. பட்டறைகளில் இதனை ‘விவிடி’ என்பர். இதன் பாகங்கள் எவ்வாறு இயங்குகின்றன, எப்போது அவற்றை மாற்ற வேண்டும், எப்போது மாற்றலாகாது என்பனவற்றை இவ்வுரையில் காண்போம்.

நேரம் ஏன் மாற வேண்டும்?

பெட்ரோல் எஞ்சின் நான்கு செயல்களால் இயங்குவது. காற்றும் எரிபொருளும் உள்ளே வருதல், அழுத்தப்படுதல், எரிந்து ஆற்றல் தருதல், எரிந்த வளி வெளியேறுதல் ஆகியவையே அவை. உள்வரும் வழிக்கும் வெளியேறும் வழிக்கும் கதவுகளாக நிற்பவை வால்வுகள். அவற்றை அழுத்தித் திறப்பது மேலே சுழலும் காம் தண்டு. கீழேயுள்ள கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது காம் தண்டு ஒருமுறை சுழலும். எஞ்சின் நிமிடத்திற்கு 750 சுற்றில் நிற்குமானால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு ஏறத்தாழ 6 முறை திறக்கும். 6,000 சுற்றில் ஓடுமானால் நொடிக்கு 50 முறை திறக்கும்.

காற்றுக்கும் எடை உண்டு. வேகமாக வரும் காற்று, உந்துதண்டு மேலே திரும்பத் தொடங்கிய பின்னரும் தன் உந்துவிசையால் உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். ஆதலால் உயர்வேகத்தில் உள்வழி வால்வைச் சற்றுத் தாமதமாக மூடுவது நன்மை தரும். குறைந்த வேகத்தில் அவ்வாறு செய்தால், உள்ளே வந்த காற்று வந்த வழியே திரும்பிவிடும். பழைய எஞ்சின்களில் இந்நேரம் ஒரே நிலையில் பொருத்தப்பட்டிருந்தது. ஆகவே ஒரு வேகத்திற்கு ஏற்றது மற்றொன்றிற்கு இடையூறாயிற்று. இத்தடையை நீக்கும் முயற்சி, 1980இல் ஆல்ஃபா ரோமியோவின் ஸ்பைடர் காரில் விற்பனைக்கு வந்த வடிவம் பெற்றது.

நம் நாட்டில் 2005இல் வெளிவந்த பெரோடுவா மைவியின் 1.3 லிட்டர் எஞ்சின், டைஹட்சுவின் ‘டிவிவிடி’ அமைப்பைக் கொண்டிருந்தது. புரோட்டோன் 2014இல் வெளியிட்ட இரிஸ் காரிலும் விவிடி எஞ்சினே இருந்தது. 2017இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவியில் உள்வழி, வெளிவழி ஆகிய இரு காம் தண்டுகளும் நேரம் மாற்றிக்கொள்ளும் இரட்டை அமைப்பு இடம்பெற்றது. ஆகவே இது செல்வர் வீட்டு வாகனத்திற்கு மட்டும் உரிய நுட்பமன்று; நம் ஆசிரியர்களும் பெற்றோர்களும் நாள்தோறும் ஓட்டும் கார்களில் உள்ளது.

எண்ணெயே இயக்கும் கை

இவ்வமைப்பின் பாகங்கள் சிலவே. காம் தண்டின் முனையில் ஒரு பல்சக்கரம் உள்ளது. அதன் வெளிக்கூட்டை டைமிங் சங்கிலி சுழற்றுகின்றது. உள்ளே இதழ்கள் கொண்ட ஒரு சுழலி, காம் தண்டோடு இறுகப் பிணைந்துள்ளது. இதழ்களின் ஒருபுறம் எண்ணெய் புகுந்தால் காம் தண்டு சிறிது முன்னே திரும்பும். மறுபுறம் புகுந்தால் பின்னே திரும்பும். எண்ணெயை எப்பக்கம் அனுப்புவது என்பதை மின்காந்தத்தால் இயங்கும் எண்ணெய்க் கட்டுப்பாட்டு வால்வு செய்கின்றது. அதற்குக் கட்டளையிடுவது எஞ்சினின் கணினி. கிராங்க் உணரியும் காம் உணரியும் தரும் செய்திகளை ஒப்பிட்டு, தண்டு சொன்ன இடத்திற்கு வந்ததா என்பதை அக்கணினி அறிகின்றது.

கணினி கட்டளையிட்டாலும் மின்சாரம் வந்தாலும், தண்டைத் திருப்பும் கை எண்ணெயே என்பது இங்கு உளங்கொள்ளத்தக்கது. மலாய் வழக்கில் எஞ்சின் எண்ணெயை ‘மிஞாக் ஹீத்தாம்’, அதாவது கறுப்பு எண்ணெய் என்பர். நம்மவரும் அப்பெயரையே வழங்குவதுண்டு. புதிய எண்ணெயோ தேன் நிறத்தது. அது கறுப்பது பயன்பாட்டினால்தான். கறுத்த எண்ணெயெல்லாம் கெட்டதென்று கொள்ளலாகாது. கரியைத் தன்னுள் தாங்கிக்கொள்ளும் சேர்மங்களும் அதில் உள்ளன. ஆயினும் மாற்ற வேண்டிய காலம் கடந்தால் அது தடித்துச் சேறாகும். அச்சேறு கட்டுப்பாட்டு வால்வின் சிறு வடிகட்டியை அடைக்கும். பல்சக்கரத்தின் குறுகிய வழிகளிலும் படியும். ‘கறுப்புதான் அதன் இயல்பு’ என்று பெயரே நம்மை நம்பவைத்துவிடுமானால், பழுதின் முதற்காரணம் கண்முன் இருந்தும் காணப்படாமற் போகும்.

பழுதை அறிதல்

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிதல், நிற்கும்போது எஞ்சின் நடுங்குதல், இழுவை குறைதல், எரிபொருள் மிகுதியாகச் செலவாதல் ஆகியன பொதுவான அறிகுறிகள். குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடன் ஓரிரு நொடி கடகடவென ஒலித்து அடங்குமானால், பல்சக்கரத்தின் உள்ளேயுள்ள பூட்டூசி தேய்ந்திருக்கலாம். எண்ணெய் அழுத்தம் எழும்வரை சுழலியை அசையாமல் பிடித்து வைப்பது அவ்வூசியே.

கணினியிலிருந்து படிக்கும் குறியீடு ஒரு சாட்சி மட்டுமே; தீர்ப்பு அன்று. ‘பி0010’ உள்வழிப் பக்கத்து மின்சுற்றில் குறை என்கின்றது. ‘பி0011’ உள்வழிக் காம் தண்டு வேண்டியதற்கு மேல் முன்னே நிற்கின்றது என்கின்றது. ‘பி0014’ அதே செய்தியை வெளிவழித் தண்டுக்குச் சொல்கின்றது. ‘பி0016’ கிராங்க், காம் தண்டுகளின் நிலை ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்கின்றது. அதற்குத் தளர்ந்த சங்கிலியும் காரணமாகலாம். இவற்றுள் எதுவும் ‘இந்தப் பாகத்தை மாற்றுக’ என்று சொல்லவில்லை.

எனவே ஆய்வு எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதல் வேண்டும். முதலில் எண்ணெயின் அளவு, வகை, மாற்றிய காலம் ஆகியவற்றைப் பார்த்தல். அடுத்து மின் இணைப்பையும் கம்பிகளையும் பார்த்தல். பின்னர்க் கட்டுப்பாட்டு வால்வின் சுருளின் மின்தடையை அளத்தல்; டொயோட்டா வகை எஞ்சின்கள் பலவற்றில் அது ஏறத்தாழ 7 ஓம் இருக்கும். சரியான அளவை அந்தந்த எஞ்சினின் கையேட்டில் காணலாம். இறுதியிலேயே பல்சக்கரத்தையும் சங்கிலியையும் ஐயுறுதல் வேண்டும்.

மாற்றும் முறை

கட்டுப்பாட்டு வால்வை மாற்றுவது எளிய பணி. எஞ்சின் குளிர்ந்த பின் மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்றி, வால்வைப் பிடித்திருக்கும் திருகை நீக்கி, அதனை நேராக வெளியே இழுக்க வேண்டும். வடிகட்டி இருப்பின் அதனைத் தூய்மை செய்தல் வேண்டும். புதிய வால்வுக்குப் புதிய ரப்பர் வளையமே இடுதல் வேண்டும். பழையதை இட்டால் எண்ணெய் கசியும்.

பல்சக்கரத்தை மாற்றுவது அரிய பணி. வால்வு மூடியும், பல எஞ்சின்களில் சங்கிலி மூடியும் கழற்றப்பட வேண்டும். முதல் உருளையின் உந்துதண்டை அழுத்த வினையின் மேல்முனைக்குக் கொண்டுவந்து, சக்கரங்களின் குறிகளையும் சங்கிலியின் குறிகளையும் நேர்படுத்திய பின்னரே சங்கிலியைத் தளர்த்த வேண்டும். நடுத்திருகைக் கழற்றும்போது, காம் தண்டின் அறுகோணப் பகுதியை ஸ்பானரால் பிடித்துக்கொள்ள வேண்டும். சங்கிலியின் மேல் அவ்விசையைச் செலுத்தலாகாது. சக்கரத்தின் முகப்பிலுள்ள மற்றத் திருகுகளைத் தொடலாகாது. அவை அதன் உட்கூட்டைப் பிணைப்பவை. திருகைக் கையேடு கூறும் முறுக்கு அளவுக்கே இறுக்க வேண்டும்.

எல்லாம் பொருத்திய பின்னர், சாவியைத் திருப்புமுன் கிராங்க் தண்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிச் சக்கரங்களின் குறிகள் மீண்டும் நேர்படுகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். ஏன் இரண்டு? கிராங்க் இருமுறை சுழன்றால்தான் காம் தண்டு ஒருமுறை சுழன்று தொடங்கிய இடத்திற்கு வரும் என்பதை மேலே கண்டோம். இடையில் கை தடைப்பட்டால் வலிந்து சுற்றலாகாது. பல எஞ்சின்களில், நேரம் பிறழ்ந்த வால்வு உந்துதண்டில் மோதி வளைந்துவிடும். அவ்விரு சுற்றுக்குச் சில நிமிடங்களே ஆகும். அவற்றை விட்டுவிட்டால் எஞ்சினின் தலைப்பகுதியே வீணாகலாம். இதன்பின் புதிய எண்ணெயும் புதிய வடிகட்டியும் இட்டு, குறியீட்டை அழித்து, எஞ்சினைச் சூடேறும்வரை ஓட்டி மீண்டும் சோதிக்க வேண்டும்.

சொல்லும் அறிவும்

மலேசியாவில் பழுது பார்ப்பவரைப் ‘போர்மன்’ என்று அழைக்கின்றோம். நல்ல போர்மனின் கை மேற்கூறிய வரிசையை அறியும். ஆனால் அவ்வரிசையின் காரணம் சொல்லாக வெளிப்படாவிடில், கற்க வருபவன் ‘இந்த விளக்கு எரிந்தால் அந்தப் பாகத்தை மாற்று’ என்பதை மட்டுமே கற்றுச் செல்வான். காரின் உரிமையாளரும் தாம் எதற்குப் பணம் கொடுக்கின்றோம் என்பதை அறியாமலே கொடுப்பார்.

ஸ்கூடாயில் தமிழ்ப்பள்ளியும் உண்டு. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உண்டு. ஒன்றில் தொடங்கும் மாணவன் மற்றொன்றை அடையும் வழியில் மொழிகள் மாறலாம். காரணம் கேட்கும் பழக்கம் மாறவேண்டியதில்லை. நெம்புகோலையும் விசையையும் தமிழில் கற்ற பிள்ளைக்கு, எண்ணெய் எவ்வாறு ஒரு தண்டைத் திருப்புகின்றது என்பதைத் தமிழிலேயே விளக்க முடியும். வால்வு, காம், சங்கிலி என்னும் பட்டறைச் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டே அதனைச் செய்யலாம். ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு வினாவை மட்டும் எழுப்பிப் பார்க்கலாம்: பாகத்தை மாற்றுமுன் எண்ணெயை ஏன் பார்க்க வேண்டும்? அதற்குத் தன் சொற்களில் விடை கூறும் மாணவன் இவ்வமைப்பை விளங்கிக்கொண்டான் என்று நாம் துணியலாம்.