தகடும் பதிவிறக்கமும்

திரைப்படத்தைக் கண்ணுக்கு விருந்து என்று சொல்வது வழக்கம். விருந்துக்கு அழைத்தவர் பெரிய தலைவாழை இலையை விரித்துவிட்டு, அதன் நடுவே ஒரு கரண்டிச் சோறு மட்டும் வைத்தால் எப்படி இருக்கும்? இணையத்திலிருந்து இறக்கிய பல படங்களின் நிலை இன்று இதுதான். இலை பெரிது, சோறு சிறிது.

நம் சங்கம் இவ்வாண்டு ஒரு திரைப்படப் பிரிவு தொடங்க எண்ணியிருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். மாதம் ஒரு தமிழ்ப் படம் காட்டுவது நோக்கம். ஒதுக்கிய தொகையோ சிறிது. அதைக் கொண்டு தகடுகளும் அவற்றை ஓட்டும் கருவியும் வாங்குவதா, ஓ.டி.டி. தளம் ஒன்றுக்குச் சந்தா கட்டுவதா என்பது கேள்வி. "இரண்டும் வேண்டா, எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன" என்பாரும் நம்மிடையே உளர். அடுத்த பொதுக்கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டிய இவ்வினாவுக்கு, இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் சில கணக்குகளை முன்வைக்க விரும்புகிறேன்.

படத்தின் கணக்கு

'முழு எச்.டி.' எனப்படும் படத்தில் அகலவாட்டில் 1920 புள்ளிகளும் உயரவாட்டில் 1080 புள்ளிகளும் உள்ளன. அஃதாவது, ஒரு சட்டகத்தில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள் வேண்டும். பிட் என்பது ஒன்று அல்லது சுழி என்னும் ஒரே ஒரு குறி. நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 119 கோடி பிட்டுகள் ஆகின்றன. இரண்டரை மணி நேரம் ஓடும் ஒரு தமிழ்ப் படத்துக்கு இது ஏறக்குறைய 1,340 ஜிகாபைட். வீட்டில் ஓட்டும் எந்தத் திரைப்படத் தகடும் இதைத் தாங்காது. ஆகவே படத்தைச் சுருக்கியே தீர வேண்டும்.

சுருக்குவது எங்ஙனம்? கோலம் போடத் தெரிந்த ஒருவர் மற்றொருவருக்கு அதைச் சொல்லும்போது, ஒவ்வொரு புள்ளியையும் விவரிப்பதில்லை. "15 புள்ளி, ஊடுபுள்ளி, 8இல் நிறுத்து" என்கிறார். பாதிக் கோலம் அதிலேயே அடங்கிவிடுகிறது. படத்தைச் சுருக்குவதும் அத்தகையதே. அசையாத சுவரை ஒவ்வொரு சட்டகத்திலும் எழுதாமல் "முன் போலவே" என்று குறித்துவிடலாம். நம் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை நுட்பமாக அறியும். நிறத்தின் ஏற்றத்தாழ்வை அவ்வளவு நுட்பமாக அறியாது. ஆகவே நிற விவரத்தில் பெரும்பகுதியைக் கழித்துவிடலாம்.

எஞ்சியதைச் சுருக்க உதவும் கணித முறை 1974இல் வெளிவந்தது. பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர் அதை வெளியிட்டனர். டிஸ்கிரீட் கொசைன் உருமாற்றம் என்பது அதன் பெயர். படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அலைகளின் கூட்டாக எழுதி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணலைகளை நீக்க அது வழி செய்கிறது. இன்று நாம் காணும் படங்களில் மிகப் பல இம்முறையையோ இதன் வழிவந்த முறைகளையோ கொண்டு சுருக்கப்பட்டவையே.

நிற்க. நுண்ணலைகளை அளவோடு நீக்கினால் கண் அறியாது. அளவு மீறினால் அறிந்துவிடும். இருட்டுக் காட்சியில் கருமை சீராகப் பரவாமல் பட்டை பட்டையாகத் தெரியும். மழையும் திருவிழாக் கூட்டமும் கட்டம் கட்டமாக உடையும். நடிகரின் முகம் மெழுகு பூசியது போல் வழவழக்கும்.

எதில் எவ்வளவு?

1993இல் வகுக்கப்பட்ட வி.சி.டி. முறையில், நம் நாட்டில் வழங்கிய வகையில், சட்டகத்துக்கு 352க்கு 288 புள்ளிகள்தாம். நொடிக்குப் பதினொன்றரை இலட்சம் பிட்டுகள். 1996இல் விற்பனைக்கு வந்த டி.வி.டி.யில் 720க்கு 576 புள்ளிகள். கொள்ளளவு இரட்டை அடுக்கில் 8.5 ஜிகாபைட். 2006இல் வந்த ப்ளூ-ரேயில் முழு எச்.டி. படமே அடங்கும். அதன் புள்ளிகள் டி.வி.டி.யினுடையவற்றைப் போல் சரியாக 5 மடங்கு. கொள்ளளவு 50 ஜிகாபைட்.

தகட்டின் அளவு மாறாமலே கொள்ளளவு மட்டும் எவ்வாறு பெருகியது? காரணம் ஒளியே. சி.டி.யைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர். டி.வி.டி.யைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு. ப்ளூ-ரேயைப் படிப்பது 405 நானோமீட்டர் நீல ஊதா. அலைநீளம் குறையக் குறைய ஒளியை மேலும் சிறிய புள்ளியில் குவிக்கலாம். பேனா முனை கூர்மையானால் ஒரே தாளில் மிகுதியாக எழுதலாம் அல்லவா?

இனி ஒப்பிட்டுப் பார்ப்போம். இரண்டரை மணி நேரப் படம் 50 ஜிகாபைட் தகடு ஒன்றை நிறைத்தால், மூலத்தில் ஏறத்தாழ 27இல் ஒரு பங்கு நமக்குக் கிடைக்கிறது. ஓ.டி.டி. தளங்களில் நெட்பிளிக்ஸ் முழு எச்.டி.க்குப் பரிந்துரைக்கும் இணைய வேகம் நொடிக்கு 5 மெகாபிட். அவ்வேகம் முழுவதையும் படமே எடுத்துக்கொண்டாலும், மொத்தம் 6 ஜிகாபைட்டுக்கும் குறைவே. விடுதி அறைகளில் கைமாறும் 'கள்ளக் கோப்பு' ஒன்றரை ஜிகாபைட் என்றால், மூலத்தில் ஏறத்தாழ 900இல் ஒரு பங்கு! மூன்றின் மேலும் '1080' என்றே பொறித்திருக்கும். இலையின் அளவு மூன்றிலும் ஒன்றுதான்.

சுருக்கும் முறைகளும் வளர்ந்துள்ளன என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 2013இல் வந்த எச்.265 முறை, 2003இல் வந்த எச்.264 முறைக்கு வேண்டிய பிட்டுகளில் ஏறக்குறையப் பாதியைக் கொண்டே அதே தரத்தைத் தரவல்லது. ஆதலால் நல்ல ஓ.டி.டி. படம் டி.வி.டி.யை எளிதில் வெல்லும். ஆனால் நன்கு ஆக்கப்பட்ட ப்ளூ-ரேயின் முன் தோற்கும்.

மூலம் முக்கியம்

எனினும், தகடு என்றவுடனே தரம் என்று எண்ணிவிடலாகாது. தேய்ந்த படச்சுருளிலிருந்து எடுத்த படம் எத்தனை ஜிகாபைட்டில் அமர்ந்தாலும் தேய்ந்த படமே. பழைய டி.வி.டி. பிரதியையே பெரிதாக்கி, உயர்தரம் என்று அட்டையில் அச்சிட்டு விற்பதும் உண்டு. இல்லாத விவரத்தைக் கணிப்பொறி ஊகித்து நிரப்பலாம். மீட்டுத் தர இயலாது. பழைய படங்களின் சட்டகம் ஏறக்குறைய நாலுக்கு மூன்று என்னும் வடிவினது. அதை அகலத்திரைக்கு இழுத்தால் ஆட்கள் குள்ளமாகின்றனர்; வெட்டினால் தலையோ காலோ போகிறது. 1964இல் வெளிவந்த 'கர்ணன்' டிஜிட்டல் முறையில் சீரமைக்கப்பட்டு 2012இல் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, "இது எதிலிருந்து எடுத்தது?" என்பதே.

எங்கே அமர்ந்து பார்க்கிறோம்?

கூரிய மனிதக் கண் ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்தறியும். அஃதாவது, ஒரு புள்ளியை அதன் அகலத்தைப் போல் சுமார் 3,400 மடங்கு தொலைவு வரை தனியாகக் காணும். மடிக்கணினித் திரையில் முழு எச்.டி. புள்ளியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டடி விலகி அமர்ந்தாலே அது மறைந்துவிடும். நம் மன்றத்தில் 3 மீட்டர் அகலத் திரை கட்டினாலோ, முழு எச்.டி. புள்ளிகூட 5 மீட்டர் வரை தெரியும். வி.சி.டி.யின் புள்ளி ஏறத்தாழ 29 மீட்டர் வரை தெரியும். கடைசி வரிசையாரும் தப்ப முடியாது. அறையில் தனியே பார்க்கும்போது "நன்றாகத்தானே இருக்கிறது?" என்று தோன்றும் கோப்பு, மன்றத்தில் மானத்தை வாங்குவதன் காரணம் இதுவே.

கையில் இருப்பது எது?

2007இல் தில்லியைச் சேர்ந்த மோசர் பேர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. வடநாட்டிலேயே வளர்ந்த என்போன்ற பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்ததில் பள்ளிக்குப் பங்கில்லை. வீட்டுப் பேச்சும், அலமாரியில் அடுக்கியிருந்த அத்தகைய தகடுகளுமே ஆசான்கள். அவற்றுள் சில படங்களைத் தேடி இன்று எத்தளத்திலும் நான் காணவில்லை.

இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் படத்தைப் பெரும்பாலும் 30 நாளுக்குள் தொடங்கி, தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும். ஓ.டி.டி. தளத்தில் உரிம ஒப்பந்தம் முடிந்தால் படம் போய்விடும். 'வாங்கியது'கூட நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை. 2009இல் அமேசான் நிறுவனம், தன் கிண்டில் கருவியில் வாசகர்கள் விலை கொடுத்து வாங்கிய சில நூல்களை அவர்களைக் கேளாமலே அழித்தது. விலை திருப்பித் தரப்பட்டது. ஆயினும் அலமாரியில் கைவைக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பது அன்று தெளிவாயிற்று. தகட்டை எவரும் தொலைவிலிருந்து அழிக்க முடியாது.

1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'. இன்று அதன் பிரதி கிடைக்கவில்லை. பிரதிகள் பல இடங்களில் பலர் கையில் இருந்தால்தான் ஒரு கலை பிழைக்கும். ஏட்டுச்சுவடிகளின் வரலாறு அறிந்த தமிழர்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

என் கருத்து

கள்ளப் பதிவிறக்கம் வேண்டா. தரத்தில் கடைசி, சட்டத்துக்கும் புறம்பு. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, திரையரங்கில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 3 இலட்சத்துக்குக் குறையாத தண்டமும் உண்டு. ஓ.டி.டி. சந்தா தனியொருவரும் வீட்டாரும் காண்பதற்கே உரியது. அது அவரவர் அறையில் இருக்கட்டும். சங்கத்தின் தொகை தகடுகளுக்கே போகட்டும். ப்ளூ-ரே கருவி ஒன்று வாங்கினால் அது டி.வி.டி.யையும் ஓட்டும். வெளிநாட்டிலிருந்து தருவிப்போர் வட்டாரக் குறியைப் பார்த்து வாங்குக. இந்தியாவுக்கு உரியது டி.வி.டி.யில் 5, ப்ளூ-ரேயில் 'சி'. கல்வி நிலையச் செயற்பாடாக, மாணவர், ஆசிரியர், பெற்றோர் என்ற எல்லைக்குள் படம் காட்டப் பதிப்புரிமைச் சட்டம் இடந்தருகிறது. வெளியாரை அழைப்பதானால் உரிமையாளரின் இசைவு வேண்டும்.

தமிழ்ப் படங்களில் ப்ளூ-ரேயாக வந்தவை சிலவே, நல்ல டி.வி.டி.களும் கடைகளிலிருந்து மறைந்து வருகின்றன. ஆண்டுக்குப் பத்துத் தகடுகள் போதும். பத்தாண்டுகளில் நூறு படங்கள் கொண்ட அலமாரி ஒன்று நம் சங்கத்துக்கு உரியதாகும். நாம் பட்டம் பெற்றுப் போன பின்னும், இங்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது திறந்திருக்கும். பொதுக்கூட்டத்துக்கு வருவோர், வீட்டில் கிடக்கும் பழைய தகடு ஒன்றையும் உடன் கொணர்க. அலமாரியை அன்றே தொடங்கிவிடலாம்.