பகலில் ஊரில் இல்லாதவர்கள்

விடிய இன்னும் வெகுநேரம் இருக்கும்போதே கம்பம், கூடலூர் தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நின்றுவிடும். கையில் தூக்குவாளி, தோளில் மழைக்குப் போர்த்த பிளாஸ்டிக் தாள், தலையில் இறுகக் கட்டிய துண்டோடு பெண்கள் ஏறுவார்கள். பலருக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். "மதினி, இன்னுங் கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று கடைசியாக வந்தவர் தொற்றிக்கொள்வார். வண்டி தாங்க வேண்டியதற்கு மேலேயே ஆட்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்ற மூன்று மலைப்பாதைகளில் ஏதாவது ஒன்றில் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும்போது இறங்கி வருவார்கள். கூலிக்குப் போகும் நாளெல்லாம் இப்படித்தான்.

ரேஷன் கார்டிலும் மக்கள்தொகைக் கணக்கிலும் இவர்கள் தேனி மாவட்டத்துக்காரர்கள். ராத்திரி சொந்த வீட்டில் படுப்பதால் புலம்பெயர்ந்தவர் கணக்கில் வரமாட்டார்கள். ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அவர்கள் மிதிப்பது வேறொரு மாநிலத்து மண்ணை. அவர்களுக்கு எந்த நோய் வரும், எப்போது வரும், அதை யார் கண்டுபிடிப்பார்கள் என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே இருக்கிறது.

நோய்க்கு ஆள் தெரியாது என்பார்கள். ஆனால் ஒரு ஊரில் இருப்பவர்களின் வயது, அவர்கள் ஆணா பெண்ணா, என்ன வேலை, எவ்வளவு வருமானம், எங்கே போய்வருகிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த ஊரின் நோய்களும் மாறுகின்றன. இதைப் பார்க்காமல் எண்களை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கேரளத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஏழு பேர் இறக்கிறார்கள், பீகாரில் ஆறுக்கும் குறைவு என்கிறது 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கு. அப்படியானால் பீகார் ஆரோக்கியமான மாநிலமா? அதே ஆண்டில், ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பவை கேரளத்தில் 6, பீகாரில் 27. கேரளத்தில் முதியவர்கள் அதிகம், அதனால் சாவு எண்ணிக்கையும் கூடுதலாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

தேனிக் கணக்கையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 12,45,899. ஆயிரம் ஆண்களுக்கு 991 பெண்கள். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மட்டும் தனியே எடுத்தால் ஆண்கள் 61,846, பெண்கள் 57,815. அதாவது ஆயிரத்துக்கு 935. இயற்கையாகப் பிறந்தால் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 950ஐ ஒட்டிப் பெண் குழந்தைகள் பிறக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வயதில் இருந்திருக்க வேண்டிய ஏறத்தாழ ஆயிரம் பெண் குழந்தைகள் இந்த மாவட்டத்தில் இல்லை. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தேனிக்கும் கொண்டுவர நேர்ந்ததன் காரணமும் பெண் குழந்தைகள் இப்படி இல்லாமல் போய்க்கொண்டிருந்ததே. 991 என்ற எண்ணுக்குப் பின்னால் மறைந்திருந்த இந்தத் துயரத்தை நான் எளிதில் கடந்துவிட முடியவில்லை.

ஏலத்தோட்டத்துப் பெண்களின் கதையிலும் சராசரி இப்படித்தான் மறைக்கிறது.

முதலில் மழை. மலைக்கு அந்தப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். கம்பம் பள்ளத்தாக்கு மழைமறைவில் இருப்பதால் அப்போது இங்கே காற்றும் சாரலும்தான். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். பள்ளத்தாக்கிலேயே இருக்கும் ஒருவருக்கு மழைக்காலக் காய்ச்சல் ஆண்டுக்கு ஒருமுறை வரும் கவலை. தோட்டத்துக்குப் போகிறவருக்கோ இரண்டு மழைக்காலம்.

ஏலக்காய் கிளையில் தொங்காது. செடியின் அடித்தூரில், மண்ணை ஒட்டி ஓடும் சரத்தில்தான் காய்க்கும். காய் எடுப்பவர் நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோ ஈர மண்ணில் கைவிட்டுத் துழாவ வேண்டும். எலிகளின் சிறுநீர் கலந்த அந்த ஈரத்திலிருந்து, கையிலும் காலிலும் உள்ள சிராய்ப்பு வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். புதரிலும் சருகிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கடித்தால் உண்ணிக்காய்ச்சல் வரும். இரண்டுமே கடித்த அன்றோ நனைந்த அன்றோ தெரியாது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து வீட்டில் படுத்திருக்கும்போது உடம்பு கொதிக்கும். பதிவேட்டில் ஏறுவது கூடலூர் முகவரி. நோய் தொற்றிய இடம் இடுக்கியின் வண்டன்மேட்டிலோ நெடுங்கண்டத்திலோ இருக்கும். அவருடைய தெருவில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் தூவினாலும் அந்த இடத்துக்குப் போய்ச் சேராது.

டெங்குவையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அம்மா பகலில் மலையில். வீட்டில் இருப்பது பாட்டியும் பால்வாடிக்குப் போகும் பிள்ளையும், குடத்திலும் டிரம்மிலும் பிடித்துவைத்த தண்ணீரும். களப்பணியாளர் வந்து தொட்டியைக் கழுவச் சொன்னால் கழுவும் தெம்புள்ள ஆள் அப்போது வீட்டில் இல்லை.

அடுத்தது மருந்து. ஏலச்செடிக்கு அடிக்கடி மருந்தடிக்க வேண்டியிருக்கிறது. தெளிப்பது பெரும்பாலும் ஆண்கள். மருந்து படிந்த செடிக்குள் புகுந்து காய் எடுப்பது பெண்கள். கீழே பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தலிலும் இதே நிலைதான், தலைக்கு மேலே மயில்துத்தமும் சுண்ணாம்பும் பூசிய இலைகள். பாஸ்பரஸ் சேர்ந்த பூச்சிமருந்துகள் நரம்பைத் தாக்குபவை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கும். "பித்தம்" என்று ஒரு சோடா குடித்துவிட்டு மறுநாளும் ஜீப் ஏறிவிடுவார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பில் வரும் கிறுகிறுப்புக்கு எது காரணம் என்று யாரும் தேடுவதில்லை. ஒதுங்க மறைவிடம் இல்லாத தோட்டத்தில் தண்ணீரையே குறைத்துக் குடிக்கும் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்றும் சேர்ந்துகொள்கிறது.

வயது கூடக் கூட இந்த ஆபத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். ஐம்பது வயதில் சுகரும் பிரஷரும் உள்ள ஒருவர் எலிக்காய்ச்சலைத் தாங்குவது இருபது வயதுக்காரர் தாங்குவதைப் போல இருக்காது.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம். சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. ஆனால் அது பகலில் வரும்போது இந்தப் பெண்களின் வீடு பூட்டிக் கிடக்கும். 2024இல் பணியிடங்களுக்கும் அந்தத் திட்டம் விரிந்தது. இவர்களின் பணியிடமோ சோதனைச் சாவடிக்கு அப்பால், வேறு அரசாங்கத்தின் எல்லையில். நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை 4 முதல் 8 வரை திறந்திருப்பதைப் போல, ஜீப்புகள் வந்து நிற்கும் ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களும் மாலையில் திறந்திருந்தால் எத்தனையோ காய்ச்சல்கள் மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு முடங்கிப்போகாமல் மருத்துவரிடம் வந்துசேரும். தேனி, இடுக்கி இரண்டு மாவட்டங்களும் காய்ச்சல் விவரங்களை வாராவாரம் பரிமாறிக்கொள்வதும் செய்யக்கூடிய காரியமே. கொரோனாவின்போது இ-பாஸ் இல்லாமல் ஒருவரும் எல்லை தாண்ட முடியாதபடி கணக்கு வைக்க முடிந்ததே.

மேற்கு மலைக்கு வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்புவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1887 முதல் 1895 வரை முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர்களில் பலரை மலேரியா கொண்டுபோனது.

இன்றைக்கு ஓபி சீட்டில் பெயர், வயது, ஆணா பெண்ணா, ஊர் எல்லாம் இருக்கிறது. என்ன வேலை என்பதற்கு இடமில்லை என்றாலும் மருத்துவர் வாயால் கேட்கலாம். "எந்தத் தோட்டத்துக்கும்மா போறீங்க? போன வாரம் மழையில நனைஞ்சீங்களா?" அதற்குப் பிறகு அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். அது உண்ணிக்காய்ச்சலின் தடம். அதற்கும், ஆரம்பக்கட்ட எலிக்காய்ச்சலுக்கும் டாக்ஸிசைக்ளின் கேட்கும். அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கும் மாத்திரைதான்.