உலக சாம்பியனுக்கு இடமில்லாத பட்டியல்

பாரா பேட்மிண்டனில் வீரர்களை உடல் பாதிப்பின் தன்மையை வைத்து ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்த வகைகளில் எது பாராலிம்பிக் வரை போகிறது, எது வாசலிலேயே நின்றுவிடுகிறது என்பதை இந்த வாரம் பேசியாக வேண்டும். ஒரு பாரா வீராங்கனை எவ்வளவு உயரத்துக்குப் போவார் என்பதை அவருடைய ஆட்டம் மட்டும் முடிவு செய்வதில்லை. அவருடைய வகைக்கு அந்த முறை போட்டிப் பட்டியலில் இடம் இருக்கிறதா என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. இந்திய வீராங்கனை மானசி ஜோஷியின் விளையாட்டு வாழ்க்கையை ஆண்டுவாரியாக எடுத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்.

2011 டிசம்பரில் மும்பையில் நடந்த சாலை விபத்தில் மானசி இடது காலை இழந்தார். செயற்கைக் காலுடன் மறுபடியும் ராக்கெட்டை எடுத்தவர், 2015 உலகப் போட்டியில் கலப்பு இரட்டையரில் வெள்ளி, 2017இல் ஒற்றையரில் வெண்கலம் என்று படிப்படியாக ஏறினார். 2019 ஆகஸ்டில், ஸ்விட்சர்லாந்தின் பேசல் நகரில் நடந்த எஸ்எல்-3 பெண்கள் ஒற்றையர் இறுதியில், பட்டத்தைத் தக்கவைக்க வந்த பாருல் பர்மாரை 21-12, 21-7 என்று வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார். அதே ஊரில், அதே வாரத்தில் பி.வி.சிந்து வென்ற தங்கத்தை நாடே கொண்டாடியது. மானசியின் தங்கம் பலருக்குச் சில நாள் கழித்தே தெரியவந்தது. அந்தப் பாராமுகத்தைப் பற்றி அப்போதே நிறையப் பேர் ஆதங்கப்பட்டார்கள், நியாயம்தான். ஆனால் அதைவிடப் பெரிய அநியாயம் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. பேட்மிண்டன் முதன்முறையாக இடம்பெறவிருந்த டோக்கியோ பாராலிம்பிக் பட்டியலில் எஸ்எல்-3 பெண்கள் ஒற்றையர் இல்லவே இல்லை. உலக சாம்பியன் தன் பட்டத்துக்குரிய ஆட்டத்தை அங்கே ஆட முடியாது. மானசி டோக்கியோவில் ஆடவும் இல்லை.

நின்று ஆடுகிறவர்களில் கால் பாதிப்பு அதிகம் உள்ளவர்களின் வகை எஸ்எல்-3. ஒற்றையரில் கோர்ட்டை நீளவாக்கில் பாதியாக்கி ஆடுவார்கள். பாதி கோர்ட் என்பதால் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. இடமும் வலமுமாக அலைக்கழித்து எதிராளியைத் திணறடிக்க அகலம் போதாது. வலையோரம் ஒரு டிராப், உடனே பின்கோட்டுக்கு ஒரு கிளியர் என்று முன்னும் பின்னும் இழுத்துத்தான் புள்ளி எடுக்க வேண்டும். முன்னால் பாய்ந்த உடம்பைச் சட்டென்று நிறுத்திப் பின்னால் தள்ளும்போது கணுக்காலும் கெண்டைக்காலும் செய்கிற வேலையைச் செயற்கைக் கால் செய்யாது. அந்தப் பாரம் முழுக்க இடுப்பிலும் தொடையிலும் மறுகாலிலும் இறங்கும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியாவின் நிதேஷ் குமார் பிரிட்டனின் டேனியல் பெத்தெலை வென்ற ஆண்கள் எஸ்எல்-3 இறுதி ஆட்டம் 80 நிமிடம் நடந்து, மூன்றாவது செட்டில் 23-21 என்று முடிந்தது. இப்படிப்பட்ட ஆட்டத்துக்குப் பழகிய பாருல் பர்மார், டோக்கியோவில் ஒற்றையர் ஆட வேண்டுமானால் முழுக் கோர்ட்டில், தன்னைவிடப் பாதிப்பு குறைந்தவர்களுடன் எஸ்எல்-4இல் மோத வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது 48. பக்கத்து வகையில் ஆடிக்கொள்ளலாமே என்று சொல்கிறவர்கள், வகை பிரித்ததே எதற்காக என்பதை மறந்துவிடுகிறார்கள்.

போதிய வீராங்கனைகள் இல்லாத வகைக்கு எப்படிப் பதக்கம் வைப்பது என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. டோக்கியோவில் பேட்மிண்டனுக்குக் கிடைத்ததே 90 இடங்கள்தான். யாரையாவது விடத்தான் வேண்டும். ஆனால் விடப்பட்டது யார் என்று பாருங்கள். ஆண்கள் ஒற்றையரில் ஆறு வகையும் இருந்தன. பெண்களுக்கு நான்குதான், எஸ்எல்-3, உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்ஹெச்-6 இரண்டும் வெட்டுப்பட்டன. பாராலிம்பிக் இல்லாத வகைக்கு எந்த நாட்டுச் சங்கம் பணம் செலவழிக்கும்? பணம் வராத வகையில் புதிதாக யார் வந்து சேருவார்கள்? ஆள் இல்லை என்று சொல்லி வாசலை மூடினால், மூடிய வாசலே ஆளைக் குறைக்கும். 2024இல் பாரிஸில் இடங்கள் 120 ஆகி, இரண்டு வகைகளும் உள்ளே வந்தன. பெண்கள் எஸ்எல்-3 பதக்கங்கள் சீனா, இந்தோனேசியா, நைஜீரியா என்று மூன்று நாடுகளுக்குப் போயின. பாரா பேட்மிண்டனில் ஆப்பிரிக்காவுக்கே முதல் பாராலிம்பிக் பதக்கம், மரியம் போலாஜி வென்ற அந்த வெண்கலம். எஸ்ஹெச்-6இல் ஓசூரின் நித்யஸ்ரீ சிவன் இந்தோனேசியாவின் ரினா மார்லினாவை 21-14, 21-6 என்று வென்று வெண்கலம் வாங்கினார். டோக்கியோ பட்டியலே நீடித்திருந்தால் அந்த ஒற்றையர் ஆட்டமே நடந்திருக்காது.

மானசியும் பாரிஸில் ஆடினாரே, குழுச் சுற்றைத் தாண்டவில்லையே, அப்படியிருக்க டோக்கியோ கிடைத்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கலாம். பேசலில் அவருக்கு 30 வயது, பாரிஸில் 35. செயற்கைக் காலில் ஆடுகிறவருக்கு அந்த ஐந்து ஆண்டுகள் சின்ன இடைவெளி அல்ல. டோக்கியோவில் அவர் கட்டாயம் பதக்கம் வென்றிருப்பார் என்று நான் சொல்லவில்லை. உச்சத்தில் இருந்தபோது தோற்றுப்போகிற உரிமைகூட அவருக்குக் கிடைக்கவில்லை என்கிறேன். பட்டியலே எல்லாம் என்றும் வாதிடவில்லை. டோக்கியோவில் இந்தியா வென்ற நான்கு பேட்மிண்டன் பதக்கங்களும் ஆண்களுடையவை. பாரிஸில் துளசிமதி முருகேசன் வெள்ளியும் மனிஷா ராமதாஸ் வெண்கலமும் வென்ற, கை பாதிப்பு உள்ளவர்களுக்கான எஸ்யூ-5 பெண்கள் ஒற்றையர் டோக்கியோவிலும் இருந்தது. வாய்ப்போடு பயிற்சியும் துணையும் சேர வேண்டும். ஆனால் வாய்ப்பே இல்லாத இடத்தில் மற்ற இரண்டும் எதற்கு உதவும்?

பாரிஸ் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் எடுத்தும் கொண்டது. நின்று ஆடும் பெண்களின் இரட்டையர் ஆட்டம் டோக்கியோவில் இருந்தது. பாரிஸில் அதை நீக்கிவிட்டார்கள். அந்தப் பிரிவில் ஜோடியின் வகை எண்களைக் கூட்டினால் எட்டைத் தாண்டக் கூடாது. மானசிக்கு 3, துளசிமதிக்கு 5, சரியாக எட்டு. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் வெள்ளி வென்ற ஜோடி இது. அடுத்த ஆண்டு இருவரும் பாரிஸுக்குப் போனார்கள். சேர்ந்து ஆட அங்கே ஆட்டம் இல்லை. ஒரு ஜோடி உருவாக ஆண்டுக்கணக்காகும். பெண்கள் இரட்டையரை மறுபடியும் சேர்க்க வேண்டும். எந்த ஆட்டத்தை நீக்குவதாக இருந்தாலும் அதற்கு முந்தைய பாராலிம்பிக் முடிவதற்குள் அறிவிக்க வேண்டும். தகுதிச் சுற்றுக்கான செலவைச் சொந்தப் பணத்திலும் நன்கொடையிலும் சமாளிக்கிற வீராங்கனைகளுக்கு இந்த முன்னறிவிப்பையாவது உலக பேட்மிண்டன் கூட்டமைப்பும் சர்வதேச பாராலிம்பிக் கமிட்டியும் கொடுத்தாக வேண்டும்.