பணயமும் உரிமையும்: செஞ்சிப் பகுதிக் கூத்தில் முதலீட்டு அறம்

செஞ்சியை அடுத்த மேலச்சேரித் திரௌபதி கோயில், வட தமிழகத் திரௌபதி வழிபாட்டின் மூலத்தலமாகக் கருதப்படுகிறது. ஆல்ஃப் ஹில்டபைடல் 1988இல் வெளியிட்ட ஆய்வுநூல் இவ்வட்டாரத்தை மையமாகக் கொண்டது. இப்பகுதிப் பாரத விழாக்களில் பகலில் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நிகழும். படுகளம், தீமிதியுடன் விழா நிறைவுறும். அக்கூத்துகளுள் சூது, துகிலுரிதல் நிகழ்வுகளை முதலீட்டு அறம் என்னும் நோக்கில் இக்கட்டுரை அணுகுகிறது.

தருமன் செல்வம், நாடு, தம்பியர், தான், மனைவி என அடுத்தடுத்துப் பணயம் வைத்து இழக்கிறான். தன்னையே முன்னர் இழந்தவனுக்கு மனைவியைப் பணயமாக வைக்க உரிமை உண்டா எனத் திரௌபதி வினவுகிறாள். இவ்வினா ஆட்டத்தின் விதியைப் பற்றியதன்று. பணயப்பொருளின் மீதான உரிமையைப் பற்றியது. 1912இல் வெளிவந்த ‘பாஞ்சாலி சபதம்’ முதற்பாகத்தில், நாட்டைப் பணயம் வைத்த தருமனைப் பாரதியாரும் கடிகிறார்.

பிறர் சேமிப்பைக் கொண்டு இலாபம் ஈட்டும் நிறுவனங்களுக்கும் இவ்வினா பொருந்தும். ஈட்டிய முறை சட்டத்திற்கு உட்பட்டதா என்பதோடு, ஊரின் நீரும் உழைப்போர் நலனும் யாருடைய இசைவால் பணயமாயின என்பதும் கேட்கத்தக்கது. சந்தை மதிப்பில் முதல் 1000 பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022–23 முதல் சமூக, சூழல் பொறுப்பு அறிக்கை அளிக்கவேண்டும் எனச் செபி விதித்துள்ளது. எனினும் அறிக்கை மட்டும் விடையாகாது. கௌரவர் அவையில் வென்ற தரப்பைச் சார்ந்த விகருணனே அறத்திற்காகப் பேசினான். ஆதாயம் பெறுவோரே வினவவேண்டும் என்பதே முதலீட்டு அறத்திற்கு இக்கூத்து உணர்த்தும் கருத்து எனலாம்.