முற்றத்தில் வெட்டிவேர்

தொழில் நிமித்தம் வடநாட்டில் குடியேறிய நாம், வீட்டின் முன் சிறிது மண் கிடைத்தால் முதலில் துளசியையும் கறிவேப்பிலையையும் வைக்கிறோம். புல் என்பது களைந்தெறியத் தக்கது என்றே எண்ணிப் பழகிவிட்டோம். எனினும், பூச்செடிகளுக்கு நிகராகத் தோட்டத்திற்கு அழகு தரும் புற்கள் பல உண்டு. அவற்றுள் நமக்கு நெருங்கிய உறவுடையது வெட்டிவேர்.

வடக்கே இதனைக் 'கஸ்' என்பர். கோடையில் சன்னல்களில் நனைத்துத் தொங்கவிடும் தட்டிகளில் மணப்பது இதன் வேரே. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதற்கு வழங்கும் பெயர் நம் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்ததாகும்.

ஐந்தடி உயரம் வரை அடர்ந்து நிமிர்ந்து, நுனியில் சற்றே வளைந்து நிற்கும் இதன் தூர், காற்றில் அசைவது கண்ணுக்கு இனிது. தென்னாட்டு வகை பெரும்பாலும் முளைக்கும் விதை தருவதில்லை. ஆதலால் கண்ட இடங்களில் பரவாது. வடநாட்டுக் காட்டு வகையோ விதையாலும் பெருகும். நாற்று வாங்குமுன் இதனைக் கேட்டறிதல் நலம். மழைக்குப் பின் யமுனைக் கரையில் வெண்ணிறமாகப் பூக்கும் நாணலைக் கண்டு மயங்கி, அதனை வீட்டுக்குக் கொணர வேண்டா. அது நிலத்தடித் தண்டாலும் காற்றில் பறக்கும் விதையாலும் தோட்டம் முழுவதையும் பற்றிக்கொள்ளும்.

டில்லியில் வெட்டிவேர் நடுவதற்கு ஏற்ற காலம் ஜூலை. தூரைப் பிரித்து, மூன்று நான்கு தண்டுகள் கொண்ட நாற்றாக எடுத்து, இலையை எட்டங்குலம் விட்டு நறுக்கி, நல்ல வெயில் படும் இடத்தில் நடலாம். அழகுக்காயின் இரண்டடி இடைவெளி போதும். மண்ணரிப்பைத் தடுக்கும் வேலியாயின் ஆறங்குலத்திற்கு ஒன்றாக நெருக்கி நடவேண்டும். வேர் பிடிக்கும்வரை நீர் தவறலாகாது.

குளிர்காலத்தில் இலைகள் பழுத்துக் காயும். முதலாண்டில், நம் வீட்டுப் புல் பட்டுப்போயிற்று என்று கருதி ஒருவர் அதனைத் தோண்டிவிட்டார். மண்ணிலிருந்து எழுந்த மணமே அது உயிருடன் இருப்பதை நமக்கு உணர்த்தியது. எஞ்சிய தூர்களை மீண்டும் நட்டோம். பிப்ரவரி இறுதியில் ஓரடி விட்டுக் கத்தரித்தபின் புதுத் தளிர்கள் தோன்றின.

மணமுள்ள வேர் வேண்டுமாயின், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்துத் தூரையே தோண்ட வேண்டும். அழகையும் வேரையும் ஒருங்கே பெறுதல் இயலாது. ஆயினும், தோண்டிய தூரின் ஓரத் தண்டுகளை மறுபடி நட்டால் வரிசை அறுபடாது. மாற்றல் உத்தரவு வந்தாலும், இரண்டு தண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி உடன் கொண்டு செல்லலாம். மற்றவை அடுத்துக் குடிவருவோருக்கு உதவும்.