ஒரு காது மட்டும் கேட்காதவருக்குக் கருவி: பழகிக்கொள்ளும் நாட்கள்

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் ஃபஜ்ருக்கு எழுந்தபோது நமக்கு இடக்காது அடைத்திருந்தது. முதல் நாள் குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்தோம். வீட்டில் தேங்காயெண்ணெயை இளஞ்சூடாக்கி இரண்டு சொட்டு விட்டார்கள். மருந்துக்கடையில் குறும்பி கரைக்கும் மருந்து வாங்கி விட்டுப் பார்த்தோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்த மருத்துவர் ஒருவர், சளி அடைப்புதான், சரியாகிவிடும் என்றார். இருபத்து மூன்றாம் நாள் வேறொரு இடத்தில் ஆடியோகிராம் எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அடைப்பு எதுவும் இல்லை. உட்செவியில் கேட்கும் திறனே போய்விட்டிருந்தது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது அவசர சிகிச்சைக்குரிய விஷயம். ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால் கேட்கும் திறன் ஓரளவேனும் திரும்பும் வாய்ப்பு கூடுதல். நாள் போகப்போக அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே வரும். எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் அன்றைக்கே செவித்திறன் சோதனை செய்யச் சொல்லுங்கள். நாம் அந்த நாட்களைத் தவறவிட்டவர்கள்.

"இன்னொரு காதுதான் நல்லா இருக்கே ஹஜ்ரத், அல்ஹம்துலில்லாஹ்" என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நாமும் அப்படித்தான் ஆறுதல் பட்டுக்கொண்டோம். ஆனால், மஹல்லாவில் மூத்தவர் ஒருவர் பள்ளிவாசல் வாசலில் நம் இடப்பக்கமிருந்து ஸலாம் சொல்லியிருக்கிறார். நாம் பதில் சொல்லாமல் நடந்திருக்கிறோம். ஒருமுறை அல்ல, மூன்று முறை. ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை என்று மிம்பரில் நின்று பேசுகிறவரே இப்படி நடந்துகொண்டால் அவர் மனம் என்ன பாடுபடும்! "ஹஜ்ரத்துக்கு இப்ப நம்மளெல்லாம் கண்ணுக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு வேறு பள்ளிக்குத் தொழப் போய்விட்டார். நம் காதுக்கு இந்தச் செய்தி வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று.

மக்தபிலும் சிக்கல். இடப்பக்கம் உட்கார்ந்து ஓதும் பிள்ளைகள் ஸாவையும் ஸீனையும் ஸாதையும் எப்படி உச்சரிக்கிறார்கள் என்று பிடிபடவில்லை. ஃபாவும் ஸாவும்கூட ஒன்றுபோலக் கேட்டன. பிழையாக ஓதிய பிள்ளையை "சரி, அடுத்த ஆயத்" என்று விட்டிருக்கிறோம். ஸலாம் விஷயமாவது பேசித் தீர்க்கக்கூடியது. ஓதிக்கொடுப்பதில் பிழை வருவது அப்படியல்ல. கருவி வாங்க வேண்டும் என்று முடிவெடுத்தது அதற்காகத்தான்.

தலையின் நிழல்

இடப்பக்கம் பேசினால் வலக்காதுக்குக் கேட்காதா? கேட்கும், ஆனால் முழுதாக அல்ல. வெயிலுக்கு மரம் நிழல் தருவதுபோல ஒலிக்கு நம் தலையே நிழல். தடித்த, கீழ்ச்சுருதி ஒலிகள் தலையைச் சுற்றி வளைந்து மறுபக்கம் வந்துவிடும். ச, ஸ, ஷ, ஃப போன்ற மெல்லிய, உயர்சுருதி ஒலிகள் தலையில் தடைபட்டு 15 முதல் 20 டெசிபல் வரை குறைந்துவிடும். பேச்சின் தெளிவு இந்த ஒலிகளில்தான் இருக்கிறது. யாரோ பேசுவது தெரியும், என்ன பேசினார் என்பது தெரியாது.

இரண்டாவது இழப்பு, திசை. ஒலி ஒரு காதுக்கும் மற்றக் காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை வைத்தே மூளை இது இடம், இது வலம் என்று கண்டுகொள்கிறது. ஒரு காது போனால் ஒப்பிட எதுவும் இல்லை. மாடியிலிருந்து மகள் "வாப்பா" என்று கூப்பிட்டால் நாம் கொல்லைப்பக்கம் போய் நிற்போம்.

காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு "இவ்வளவுதானே" என்று சோதித்துப் பார்ப்பவர்கள் உண்டு. பஞ்சு அடைத்த காதிலும் ஒலி கசியத்தான் செய்யும். முழுதாகப் போன காதின் நிலை அதுவல்ல.

மூன்று வழிகள்

சாதாரண செவிக்கருவி ஒலியைப் பெருக்கித் தரும். கேட்கவே கேட்காத காதில் எவ்வளவு பெருக்கியும் பயனில்லை. அதனால் ஒற்றைக் காது இழப்புக்கு வேறு வழிகளைக் கண்டார்கள்.

ஒன்று, கிராஸ் கருவி. 1965இல் அமெரிக்காவில் ஹார்ஃபோர்ட், பாரி என்ற இருவர் இதை விவரித்தார்கள். கேட்காத காதின் பக்கம் ஒரு மைக் ஒலியை வாங்கி, கேட்கும் காதுக்கு அனுப்பும். அந்தக் காலத்தில் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் வழியே வயர் ஓடியது. இப்போது வயர் இல்லை. இரண்டு காதிலும் ஒவ்வொரு சிறு கருவி, அவ்வளவுதான். அறுவை சிகிச்சை கிடையாது. நாம் அணிவது இதுதான்.

இன்னொன்று, எலும்பு வழிக் கருவி. டைட்டானியம் உலோகம் எலும்போடு ஒட்டி ஒன்றாகிவிடும் என்று சுவீடனின் பிரானெமார்க் கண்டறிந்தார். அதைக் கொண்டு 1977இல் கோத்தன்பர்க் நகரில் காதின் பின்புற எலும்பில் சிறு திருகைப் பதித்துக் கேட்கும் கருவியைப் பொருத்தினார்கள். கேட்காத பக்கம் வரும் ஒலி அதிர்வாக மாறி, மண்டையோட்டின் வழியே மறுபக்க உட்செவியை அடையும். ஒற்றைக் காது இழப்புக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்காவில் 2002இல் அனுமதி கிடைத்தது. அறுவை சிகிச்சைக்கு முன் கருவியைத் துணிப்பட்டையில் கோத்துத் தலையில் கட்டிச் சில நாள் பார்க்கலாம். சிறு பிள்ளைகளுக்கு மண்டையோடு மெல்லியதாக இருப்பதால் வளரும்வரை அந்தப் பட்டையே போதும்.

இந்த இரண்டிலும் எல்லா ஒலியும் கடைசியில் நல்ல காதுக்குத்தான் வருகிறது. இழந்த காது இழந்ததுதான். தலையின் நிழல் விலகும், திசை திரும்பாது. கருவியை வாங்கி ஒரே மாதத்தில் அலமாரியில் போட்டுவிட்டவர்கள் சிலரோடு பேசியிருக்கிறோம். அனேகமாக எல்லோரும் இரண்டு காதும் திரும்ப வரும் என்று நினைத்தே வாங்கியிருந்தார்கள். இந்த எல்லையை வாங்குமுன் யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

இழந்த காதுக்கே ஒலியைத் தருவது காக்ளியர் இம்பிளாண்ட் ஒன்றுதான். செவி நரம்புக்கு மின்தூண்டல் கொடுக்கும் கருவி அது. ஒற்றைக் காது இழப்புக்கு, ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, 2019இல் அமெரிக்கா அனுமதித்தது. திசை உணர்வு ஓரளவு திரும்புகிறது. பலருக்குக் காதிரைச்சலும் தணிகிறது. ஆனால் செவி நரம்பு நல்ல நிலையில் இருக்க வேண்டும். கேட்காமல் போய் நீண்ட காலம் ஆகியிருந்தால் பலன் குறையக்கூடும். தொடக்கத்தில் பேச்சு இயந்திரக் குரல்போலக் கேட்கும், மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். செலவையும் அறுவை சிகிச்சையையும் யோசித்து நாம் அதற்குப் போகவில்லை. இளவயதினரும் பிள்ளைகளின் பெற்றோரும் அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்காமல் விட வேண்டாம்.

முதல் ஒரு மாதம்

கருவியை மாட்டிய முதல் நாள் நம்மைத் திடுக்கிட வைத்தது காகிதம். இடக்கையால் புத்தகத்தைப் புரட்டினால் அந்தச் சரசரப்பு வலக்காதுக்குள் கேட்டது. அடுக்களையில் தட்டு வைக்கும் சத்தம் தலையில் அடித்ததுபோல் இருந்தது. சட்டைக் காலர் உரசினாலும் தெரிந்தது. அஸருக்குள் கழற்றி வைத்துவிட்டோம்.

ஆடியாலஜிஸ்ட் சொன்ன முறை எளியது. முதல் வாரம் அமைதியான வீட்டில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும். அடுத்தடுத்த வாரங்களில் நேரத்தைக் கூட்டி, பிறகு வெளியே அணிந்து செல்ல வேண்டும். எது தொந்தரவு தந்தது, எங்கே உதவியது என்று ஒரு நோட்டில் குறித்து வரச் சொன்னார். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டரில் கருவியின் அளவுகளை மாற்றினார். "சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவரால் எதையும் திருத்த முடியாது. நல்ல காதில் மாட்டும் முனை அந்தக் காதை அடைக்காதபடி துளை உள்ளதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இருக்கும் ஒரே காதை அடைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

வீட்டிலும் ஒரு பயிற்சி செய்தோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் நம் இடப்பக்கம், முகம் தெரியாதபடி உட்கார்ந்து, மெதுவான குரலில் ஏதாவது படிப்பாள். நாம் கேட்டதைத் திரும்பச் சொல்வோம். முதல் சில நாட்கள் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வாரத்தில் முக்கால்வாசி பிடிபட்டது. காகிதச் சத்தமும் அதற்குள் மறந்தே போயிற்று. அது தேவையற்ற ஒலி என்று மூளை ஒதுக்கக் கற்றுக்கொள்கிறது.

கருவியை எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் கற்றாக வேண்டும். பேசுகிறவர் இடப்பக்கம், இரைச்சல் வலப்பக்கம் என்றால் கிராஸ் கருவி அருமையாக உதவும். நம் நாட்டுக் காரில் ஓட்டுகிறவருக்கு வலப்பக்கம் ஜன்னல், இடப்பக்கம் ஆள். இடக்காது போனவருக்கு இதைவிட மோசமான இருக்கை இல்லை. கருவி போட்ட பிறகுதான் வண்டியில் நம் வீட்டாரோடு பேச முடிந்தது. பேசுகிறவர் வலப்பக்கம், மின்விசிறியோ ஜெனரேட்டரோ இடப்பக்கம் என்றால் கதை தலைகீழ். கருவி அந்த இரைச்சலை அள்ளிக்கொண்டு வந்து நல்ல காதில் கொட்டும். அப்போது இடப்பக்க மைக்கை நிறுத்திவிட வேண்டும். வலீமா வீட்டில் சஹனைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருக்க, பின்னால் நூறு பேர் பேசும் இடத்தில் இன்றும் நமக்குக் கருவி உதவுவதில்லை. கழற்றிப் பையில் போட்டுவிட்டு, சஹனில் மற்றவர்கள் நம் வலப்பக்கம் வரும்படி உட்கார்ந்துகொள்கிறோம்.

சாலையில் கருவியை நம்பாதீர்கள். எந்தப் பக்கத்து ஹாரனும் வலக்காதில்தான் ஒலிக்கும். இரு பக்கமும் கண்ணால் பார்த்துத்தான் கடக்க வேண்டும்.

மாலையில் வரும் களைப்பைப் பற்றி வீட்டாருக்குத் தெரிந்திருப்பது நல்லது. ஒற்றைக் காதால் நாள் முழுவதும் கூர்ந்து கேட்பவருக்கு இஷாவுக்குள் தலை கனத்துவிடும். அந்நேரம் கேள்விக்குப் பதில் வராவிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உளூ, குளிப்பு, முக்காடு

நம்மிடம் அடிக்கடி கேட்கப்படுவதால் இதையும் சொல்லிவிடுகிறோம். உளூவில் காதுக்கு மஸ்ஹு செய்யும்போது கருவியைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் கருவிக்கும் ஆகாது. ஹவுழில் விழாமல் இருக்க சட்டைப் பையில் ஒரு சிறு டப்பா வைத்துக்கொள்ளுங்கள். கடமையான குளிப்புக்குக் கருவியைக் கழற்றியே ஆக வேண்டும். எலும்பில் பதித்த திருகு உடலோடு சேர்ந்துவிட்டது, அதைக் கழற்ற வேண்டியதில்லை. சுற்றியுள்ள தோலில் தண்ணீர் பட்டால் போதும்; தொற்று வராமல் இருக்க அந்த இடத்தை எப்படியும் தினமும் சுத்தம் செய்யத்தான் வேண்டும். கருவியோடு தொழுவதில் தடையில்லை.

பெண்களுக்கு முக்காட்டுத் துணி மைக்கில் உரசிக் கரகரவென்று கேட்கும். சில வேளை விசில் சத்தமும் வரும். சோதனைக்குப் போகும்போது வழக்கமாக அணியும் துணியோடே போய், அதை அணிந்த நிலையிலேயே அளவு வைக்கச் சொல்லுங்கள். கடற்கரை ஊர்களில் ஈரக்காற்று அதிகம். இரவில் கருவியை ஈரம் உறிஞ்சும் குப்பியில் போட்டு மூடி வைத்தால் ஆயுள் கூடும்.

பிள்ளைகள்

ஸலாம் விஷயத்தில் வருந்தியிருந்த பெரியவரின் வீட்டுக்கு நாமே போனோம். விவரம் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். போன மாதம் அவர் தம் பேத்தியை அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். ஏழு வயது. போனை எப்போதும் வலக்காதிலேயே வைக்கிறாள், கூப்பிட்டால் வேறு பக்கம் திரும்புகிறாள் என்று உம்மா கவனித்திருக்கிறார். சோதித்ததில் இடக்காது கேட்கவில்லை. இரண்டு வருடம் முன்பு பொன்னுக்குவீங்கி வந்து, கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிட்டு ஆறிவிட்டது என்று இருந்தார்களாம். பிள்ளைகளின் ஒரு காதை ஓசையில்லாமல் கொண்டுபோகும் நோய்களில் அதுவும் ஒன்று. அரசு இலவசமாகப் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் இதற்கான தடுப்பு இல்லை, எம்.எம்.ஆர். ஊசியில் உண்டு.

ஊனமுற்றோர் சான்றிதழ் கிடைக்குமா என்று அவர் கேட்டார். 2016ஆம் ஆண்டுச் சட்டம் செவித்திறன் இழப்பை இரண்டு காதுகளையும் வைத்தே வரையறுக்கிறது. ஒற்றைக் காது அதில் வராது. பள்ளிக்கூடத்தில் சலுகைக்குக் காத்திராமல் ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள் என்றோம். வகுப்பில் முன்வரிசை, கேட்காத காது சுவர்ப்பக்கம், கேட்கும் காது வகுப்பின் பக்கம். ஆசிரியர் சம்மதித்தால் இதற்குச் செலவே இல்லை.

அடுத்த வாரம் துணிப்பட்டையில் எலும்பு வழிக் கருவியைக் கட்டிப் பார்க்க அழைத்துப் போகிறார்கள். பிடித்தால் தொடர்வார்கள். காக்ளியர் பற்றியும் மருத்துவரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறோம். அதுவரை நம் மக்தபில் அவளுக்கு இடச்சுவரோரம் முதல் இடம். நாம் அவளுக்கு எதிரே உட்கார்ந்து ஓதிக்கொடுக்கிறோம்.