கைம்முதலும் மென்பொருளும்

மும்பையின் மாட்டுங்காவிலோ தில்லியின் கரோல் பாக்கிலோ நம்மவர் நடத்தும் இட்லிக் கடை ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஊரிலிருந்து வந்தவர் தம் சேமிப்பைக் கொண்டு நான்கு மேசைகளுடன் கடையைத் தொடங்குகிறார். அரிசி, உளுந்து, வாடகை, கூலி ஆகியவை போக அன்றாட வரவில் மிஞ்சுவதை எடுத்து வைக்கிறார். அந்த மிச்சத்தால் அடுத்த ஆண்டு ஐந்தாவது மேசை வருகிறது. பிறர் பணத்தை நாடாமல், கைம்முதலையும் வாடிக்கையாளர் தரும் பணத்தையும் மட்டுமே கொண்டு வளரும் இம்முறை மென்பொருள் தொழிலிலும் உண்டு.

மென்பொருள் நிறுவனம் தொடங்குவோர் பலர் வேறு வழியைத் தேர்கின்றனர். முதலீட்டாளரிடம் பெருந்தொகை பெற்று, அதற்கு ஈடாக நிறுவனத்தின் பங்கை அளிக்கின்றனர். இதில் தவறேதும் இல்லை. ஆயினும், தம் பணம் சில ஆண்டுகளுக்குள் பன்மடங்காகத் திரும்ப வேண்டும் என முதலீட்டாளர் எதிர்பார்ப்பர். ஆகவே நிறுவனம் விரைந்து வளர்ந்தே ஆக வேண்டும். இயலாவிடில் பிறருக்கு விற்கப்படவும் நேரும்.

இன்று சோஹோ என்று அறியப்படும் நிறுவனம் முதல் வழியில் வந்தது. 1996 ஆம் ஆண்டு அட்வென்ட்நெட் என்னும் பெயரில் அது தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, சென்னை ஐ.ஐ.டி.யிலும் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். கணினி வலையமைப்புகளை மேற்பார்வையிடும் மென்பொருளைத் தொலைத்தொடர்புக் கருவி செய்யும் நிறுவனங்களுக்கு அட்வென்ட்நெட் விற்றுவந்தது. முதலீட்டாளர் பணம் தர முன்வந்தபோதும் அதனை ஏற்கவில்லை.

2001 ஆம் ஆண்டையொட்டி உலகத் தொழில்நுட்பச் சந்தை சரிந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல மூடப்பட்டன. எஞ்சியவை புதிதாக எதையும் வாங்கவில்லை. அட்வென்ட்நெட்டின் வாடிக்கையாளர் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. வருவாய் நின்றால் கைம்முதல் நிறுவனம் எதைக் கொண்டு ஊதியம் தரும்? நல்ல காலத்தில் சேர்த்து வைத்த இலாபமே அப்போது துணை நின்றது. அந்தச் சேமிப்பு தந்த அவகாசத்தில் பொறியாளர்கள் புதிய பொருள்களை உருவாக்கினர். அலுவலகக் கணினிகளைப் பராமரிக்க உதவும் மேனேஜ்எஞ்ஜின் அவற்றுள் ஒன்று. 2005 இல் இணையம் வழியே இயங்கும் சோஹோ செயலிகள் வரத் தொடங்கின. 2009 இல் நிறுவனத்தின் பெயரே சோஹோ என மாறியது.

பொருளைச் செய்தாயிற்று, அதை வாங்குவோரை எவ்வாறு கண்டடைவது? பெருநிறுவனங்கள் விற்பனையாளர்களை வானூர்தியில் அனுப்பும். தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யும். கைம்முதலுடன் தொழில் செய்பவருக்கு இது விரலுக்கு மீறிய வீக்கம். ஆகவே மேனேஜ்எஞ்ஜின் மென்பொருளை இணையத்திலிருந்து எவரும் இறக்கிச் சில நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்க வழி செய்யப்பட்டது. பிடித்திருந்தால் பணம் செலுத்தலாம். சுவைத்துப் பார்த்தபின் வாங்கச் சொல்லும் இனிப்புக் கடைக்காரரின் முறைதான் இது.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 2001 இல் தோன்றிய மெயில்சிம்ப் நிறுவனமும் முதலீட்டாளரின்றி வளர்ந்ததே. வணிகர்கள் தம் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப அது உதவும். 2009 இல் சிறு வணிகர்களுக்கு இலவசத் திட்டம் ஒன்றை அது அறிவித்தது. இலவசமாக அனுப்பப்படும் ஒவ்வொரு மடலின் அடியிலும் மெயில்சிம்ப்பின் சின்னம் இருக்கும். மடலைப் பெறுபவர் அதைக் காண்பார். அவரும் ஒரு வணிகராயின் தாமும் பயன்படுத்த எண்ணுவார். பயனரே விளம்பரப் பலகையான இந்த ஏற்பாட்டிற்குப்பின், ஏறத்தாழ ஓராண்டில் பயனர் எண்ணிக்கை ஐந்து மடங்கானது.

புதியவரைச் சேர்ப்பதைப் பற்றியே எல்லாரும் பேசுகின்றனர். என் கருத்தில், இருப்பவரைக் காப்பதே கடினமான பணி. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. பட்டியல் போட்டுத் தரும் மென்பொருள் ஒன்றை மாதம் 500 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று கொள்வோம். மாதந்தோறும் 20 பேர் புதிதாகச் சேர்கின்றனர். ஆனால் இருப்போரில் நூற்றுக்குப் பத்துப் பேர் மாதந்தோறும் விலகுகின்றனர். வாடிக்கையாளர் 200 பேரை நெருங்கும்போது, மாதம் 20 பேர் வருவர். 20 பேர் போவர். வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். மாத வருவாய் ஓர் இலட்சத்தைத் தாண்டாது. விலகுவோரை நூற்றுக்கு ஐவராகக் குறைத்தால், அதே 20 புதியவருடன் 400 பேர் வரை வளரலாம். வருவாயும் இரு மடங்காகும். விளம்பரத்திற்கு ஒரு ரூபாயும் கூடுதலாகச் செலவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்டைக் குடத்தில் மேலும் நீர் ஊற்றுவதைவிட ஓட்டையை அடைப்பது மலிவு.

ஓட்டையை எவ்வாறு அடைப்பது? வாடிக்கையாளர் ஏன் விலகினார் என்று அவரிடமே கேட்க வேண்டும். தில்லியில் பராஸ் சோப்ரா தொடங்கிய விங்கிஃபை இதற்குச் சான்று. அவர் முதலில் செய்த மென்பொருளில் வசதிகள் மிகுதி. பயன்படுத்திப் பார்த்தவர்களோ, புரியவில்லை என்றனர். அவர் பலவற்றை நீக்கி ஒரே வேலையை எளிதாக்கினார். ஓர் இணையப் பக்கத்தை இரு வடிவங்களில் காட்டி, எதனைப் பார்த்தவர் மிகுதியாக வாங்குகின்றனர் என்று ஒப்பிடுவதே அவ்வேலை. சொந்த வருவாயிலேயே வளர்ந்த அந்நிறுவனத்தின் பெரும்பங்கை 2025 இல் எவர்ஸ்டோன் நிறுவனம் 20 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது.

செலவைக் குறைப்பதும் வளர்ச்சியே. பெருநிறுவனங்களோடு போட்டியிட்டுப் பட்டதாரிகளுக்கு உயர் ஊதியம் தருவது எளிதன்று. சோஹோ பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்களைத் தேர்ந்து, உதவித்தொகை அளித்துத் தானே பயிற்றுவித்தது. 2011 இல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் ஒன்றையும் திறந்தது. வேலைக்காக ஊரைவிட்டுப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளாகிய உங்களுக்கு, வேலை ஊரைத் தேடிச் சென்ற இச்செய்தி சற்று வியப்பளிக்கலாம்.

எல்லாத் தொழிலையும் கைம்முதலால் செய்ய இயலாது. மென்பொருளை ஒருமுறை எழுதினால் ஆயிரம் பேருக்கு விற்கலாம். ஆயிரமாவது படிக்குத் தனிச் செலவு மிகக் குறைவு. ஆனால் மின்னணுச் சில்லு செய்யும் ஆலைக்கு, முதல் சில்லு வெளிவருமுன்பே பல்லாயிரம் கோடி ரூபாய் வேண்டும். சோஹோவும் அத்தொழிலில் இறங்க எண்ணியது. தொழில்நுட்பத்தில் போதிய உறுதி ஏற்படாமையால் 2025 இல் அத்திட்டத்தை நிறுத்தி வைத்தது.